இணையப் போக்கரில் எண்ணிக்கையும் தேர்ச்சியும்

1998ஆம் ஆண்டு ஜனவரியில் 'பிளானட் போக்கர்' தளம் மெய்ப்பணத்துக்கான ஆட்டத்தைத் தொடங்கும்வரை, சூதாட்டக் கூடத்து மேசையில் மணிக்கு முப்பது 'கை' ஆடுவதே மிகுதியாக இருந்தது. கை என்பது சீட்டுப் பங்கிடுவது முதல் பந்தயத்தொகை ஒருவரைச் சேரும்வரை நிகழும் ஒரு சுற்று. சீட்டைக் கலைப்பதும் தொகையை எண்ணுவதும் கணினியின் வேலையானதும் ஆட்டம் விரைவுற்றதோடு, ஒருவரே பல மேசைகளைத் திறந்து ஒருசேர ஆடவும் முடிந்தது. 2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர் இணையத் தகுதிப் போட்டி வழியே உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டிக்குள் நுழைந்து 25 லட்சம் டாலர் வென்றபின், பயிற்சியற்ற புதியவர்கள் திரண்டு வந்தனர். அவர்களின் பிழைகளே பிறருக்கு வருவாயானதால், கற்பதற்குச் செலவிடும் நேரம் வீண் என்ற எண்ணம் வேரூன்றியது.

அதற்கு உரமிட்டவை தளங்களின் சலுகைத் திட்டங்கள். பந்தயத்தொகையிலிருந்து தளம் எடுத்துக்கொள்ளும் 'ரேக்' எனும் கழிவில் ஒரு பங்கு, அதிகம் ஆடியவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. போக்கர்ஸ்டார்ஸ் தளத்தின் 'சூப்பர்நோவா எலீட்' நிலைக்கு ஓராண்டில் பத்து லட்சம் புள்ளிகள் தேவைப்பட்டன. அதை எட்டியவர் மேசையில் இலாபமே காணாவிடினும் சலுகைத் தொகையால் பிழைத்துக்கொள்ள முடிந்தது. ஆட்டத்திறனுக்கன்றி ஆட்ட எண்ணிக்கைக்கே ஊதியம் வழங்கிய இம்முறை, கூர்ந்து சிந்திக்க வேண்டிய ஒரு விளையாட்டைச் சலிப்பூட்டும் கூலிவேலையாக்கியது என்பதே நேர்மையான மதிப்பீடாகும். 2012 ஜனவரியில் ராண்டி லூ என்ற ஆட்டக்காரர் எட்டு மணி நேரத்தில் 23,493 கைகள் ஆடிக் கின்னஸ் சாதனை படைத்தபோது, அவ்வளவு ஆட்டத்துக்கும் எஞ்சிய இலாபம் 7 டாலர் 65 சென்ட்.

எனினும் எண்ணிக்கையை முற்றிலும் ஒதுக்கிவிட இயலாது. சில ஆயிரம் கைகளின் முடிவில் நல்வாய்ப்பையும் திறமையையும் பிரித்தறிய முடியாது என்பதால், 'போக்கர்டிராக்கர்' போன்ற மென்பொருள்கள் பதிந்துவைத்த பெருந்தொகையான கைகளே ஆய்வுக்கு மூலப்பொருளாயின. அவற்றைத் திரும்பப் படித்தவர்கள் வளர்ந்தனர், படிக்காதவர்கள் தம் பழைய பிழைகளையே விரைவாகச் செய்தனர். 2015 முதல் 'சால்வர்' எனப்படும், இழப்பைக் குறைக்கும் சமநிலை உத்தியைக் கணித்துத் தரும் மென்பொருள்கள் பரவியதும், அதே ஆண்டின் இறுதியில் போக்கர்ஸ்டார்ஸ் உயர்நிலைச் சலுகைகளைக் குறைப்பதாக அறிவித்ததும் தராசைக் கற்றலின் பக்கம் சாய்த்தன.

2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க்கில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை 20 நாள்களில் 1,20,000 கைகள் ஆடி வென்ற 'லிப்ராட்டஸ்' நிரலும் எண்ணிக்கையையும் கற்றலையும் இணைத்தே இயங்கியது: எதிராளிகள் பகலில் கண்டறிந்து தாக்கிய இடங்களுக்குரிய உத்தியை அது இரவில் கணித்துச் செப்பனிட்டு, மறுநாள் ஆட்டத்துக்கு வந்தது.