பெயர் குடித்த இரத்தம்

ஒரு கதையைப் பற்றி வாசகர்கள் சொல்லும் அபிப்பிராயத்தில் கதைக்கு எவ்வளவு பங்கு, அதன் தலைப்பில் அச்சாகியிருக்கும் பெயருக்கு எவ்வளவு பங்கு? கதை எழுதிப் பிழைக்கிற எவனையும் இந்தக் கேள்வி உள்ளூர உறுத்திக்கொண்டுதான் இருக்கும். என்னையும் உறுத்துவதுண்டு. இதற்கு ஓரளவு நேரான பதிலைத் தரக்கூடிய சம்பவம் ஒன்று இலக்கிய சரித்திரத்தில் இருக்கிறது. நடந்த இடம் லண்டன், வருஷம் 1819, கதையோ ஓர் இரத்தக் காட்டேரிக் கதை.

அவ்வருஷம் ஏப்ரல் முதல் தேதி, கோல்பர்ன் என்ற பிரசுரகர்த்தரின் 'நியூ மந்த்லி மாகஸின்' பத்திரிகையில் 'வாம்பயர்' என்ற கதை வெளிவந்தது. எழுதியவர் பைரன் பிரபு என்று போட்டிருந்தார்கள். பைரன் அப்போது இங்கிலாந்தை விட்டு இத்தாலியில் இருந்தார். அவருடைய கவிதைக்கு இருந்த கிராக்கிக்குச் சற்றும் குறையாத கிராக்கி அவரைப் பற்றிய வம்புக்கும் இருந்தது. அப்படிப்பட்டவர் காட்டேரிக் கதை எழுதியிருக்கிறார் என்றால் கேட்க வேண்டுமா?

கதை இதுதான். ஆப்ரி என்ற வாலிபன், ரூத்வன் பிரபு என்ற மர்ம மனிதரோடு தேசாந்தரம் போகிறான். கிரீஸில் அவன் மனத்தைக் கவர்ந்த பெண் காட்டேரிக்குப் பலியாகிறாள். கொள்ளைக்காரர்கள் சுட்டு ரூத்வனும் சாகிறார். சாகுமுன், தம் மரணத்தை ஒரு வருஷமும் ஒரு நாளும் வெளியில் சொல்லக் கூடாது என்று ஆப்ரியிடம் சத்தியம் வாங்கிக்கொள்கிறார். லண்டன் திரும்பினால் அதே ரூத்வன் விருந்துகளில் உலாவுகிறார். ஆப்ரியின் தங்கையையே மணக்கப்போகிறார். சொல்ல வேண்டியவன் சொல்ல முடியாமல் சித்தம் கலங்குகிறான். கெடு முடிந்து அவன் வாய் திறப்பதற்குள் தங்கையின் கதை முடிந்துவிடுகிறது.

இதை எழுதியவர் பைரன் அல்லர். அவருக்கு வைத்தியராக இருந்த ஜான் போலிடோரி என்ற இளைஞர். எடின்பரோவில் பத்தொன்பது வயதிலேயே வைத்தியப் பட்டம் பெற்றவர். 1816 கோடையில் ஜினீவா ஏரிக்கரையில் பைரனும் ஷெல்லியும் மேரியும் மழைக்கு அஞ்சி வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்று பைரன் சொன்ன சமயத்தில் போலிடோரியும் உடன் இருந்தார். பைரன் ஒரு கதையைத் தொடங்கிப் பாதியில் விட்டார். அதை வைத்துப் போலிடோரி பிறகு முழுக்கதை எழுதினார். அந்தக் கைப்பிரதிதான் எப்படியோ கோல்பர்னிடம் போய்ச் சேர்ந்தது.

அச்சில் கண்டதும் போலிடோரி பதறிப்போய்ப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்: அஸ்திவாரம் பைரனுடையது, கட்டடம் தம்முடையது என்று. பைரனும் பாரிஸ் பத்திரிகை ஒன்றுக்கு எழுதி, தமக்கும் அக்கதைக்கும் சம்பந்தமில்லை என்றார். ஆனால் அபிப்பிராயங்கள் கடிதங்களுக்குக் காத்திருக்கவில்லை. பைரன் எழுதியவற்றுள் இதுவே சிறந்தது என்று ஜெர்மனியில் கதே சொன்னதாகக் குறித்திருக்கிறார்கள். 1797ல் தாமே காட்டேரிக் கவிதை ஒன்று எழுதியவர் அவர்! பிரான்ஸில் பைரன் பெயரோடு மொழிபெயர்த்தார்கள். மறுப்பு வந்த பின்பும் அங்கே வந்த பைரன் தொகுதியில் அதைச் சேர்த்தார்கள். குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும் என்பார்களே, அதுபோல, பயப்படுவதென்றாலும் பெரிய கையால் பயப்பட விரும்பினார்கள் வாசகர்கள்.

உண்மை தெரிந்ததும் என்ன ஆயிற்று? பிரபுவின் கதை என்றால் மேதையின் இருண்ட கற்பனை. வைத்தியரின் கதை என்றால் திருட்டு. கதையில் ஒரு வரிகூட மாறவில்லை. மாறியது தலைப்புக்குக் கீழே இருந்த பெயர்தான்.

எது யாருடையது என்று நாமே பார்க்கலாம். பைரனின் துண்டுக் கதை அதே வருஷம் 'மஸேப்பா' புத்தகத்தின் கடைசியில் அச்சாயிற்று. பிரயாணம், கீழ்த்திசை நாட்டில் மரணம், சத்தியம் எல்லாம் அதில் உண்டு. ஆனால் இரத்தம் குடிப்பது இல்லை, லண்டன் இல்லை, தங்கை இல்லை. செத்தவன் திரும்பி வந்து கல்யாணத்துக்கு நாள் பார்க்கும் பயங்கரம் போலிடோரியுடையது. அதற்கு முன் செர்பியாவிலிருந்து வந்த செய்திகளில் காட்டேரி என்பது சவக்குழியிலிருந்து எழுந்து வரும் நாட்டுப்புறப் பிணம். அதற்கு நல்ல உடை உடுத்தி, நாகரிகம் கற்பித்து, சீமாட்டிகளின் கூடத்தில் உட்கார வைத்தவர் இந்த வைத்தியர். நடை எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை. சம்பாஷணை மிகக் குறைவு. நிகழ்ச்சிகளைக் காட்டாமல் சொல்லிக்கொண்டே போகிறார். ஆனால் அந்தச் சத்தியத்தை அவர் முடிச்சாகப் போட்டிருக்கும் இடம் அசல் கதாசிரியனின் இடம்.

பெயரைப் பாராமல் கதையைப் பார்த்தவர்கள் நாடகக் கொட்டகைக்காரர்கள் என்று தோன்றுகிறது. 1820ல் பாரிஸில் நோதியே அதை நாடகமாக்கினார். அதே வருஷம் லண்டனில் பிளான்ஷேயும் மேடையேற்றினார். காட்டேரி சட்டென்று மறைவதற்காக, திறந்து மூடும் விற்கதவு ஒன்றை மேடையில் அமைத்தார்கள். அதற்கு நாடகத் தொழிலில் 'வாம்பயர் கதவு' என்றே பெயர் நிலைத்துவிட்டது. 1828ல் மார்ஷ்னர் ஜெர்மனியில் இசை நாடகமாக்கினார். 1897ல் பிராம் ஸ்டோக்கரின் டிராகுலா வந்தபோது அவனும் ஒரு பிரபுவாகத்தான் வந்தான்.

போலிடோரி இதில் அதிகம் பார்க்கவில்லை. 1821 ஆகஸ்டில், இருபத்தைந்து வயதில், லண்டனில் இறந்துபோனார். இயற்கை மரணம் என்று விசாரணையில் எழுதினார்கள். விஷம் குடித்தார் என்றே குடும்பத்தார் நம்பினார்கள். 1831ல் மேரி ஷெல்லி அந்த ஜினீவா நாட்களை நினைவுகூர்ந்தபோது, பாவம் போலிடோரி, மண்டையோட்டுத் தலைப் பெண் ஒருத்தியைப் பற்றி ஏதோ யோசித்தார் என்ற அளவில் விட்டுவிட்டார். 'வாம்பயர்' பற்றி ஒரு வார்த்தை இல்லை. இத்தனைக்கும் அவருடைய 'பிராங்கன்ஸ்டைன்' 1818ல் பெயரில்லாமல் வந்தபோது, அதை ஷெல்லி எழுதியிருப்பார் என்று பலர் நினைத்தார்கள். பெயர் செய்யும் அநியாயம் அவருக்கும் தெரியாததல்ல.

பிறர் இரத்தத்தைக் குடித்துப் புகழோடு உலாவும் பிரபுவைப் பற்றி எழுதினார் போலிடோரி. அந்தக் கதையின் இரத்தத்தையே ஒரு பிரபுவின் பெயர் குடித்தது. இதில் பைரன் மீது குற்றமில்லை. அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். கேட்காதவர்கள் பிரசுரகர்த்தரும் வாசகர்களும்.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பத்திரிகையில் ஒரு கதையைப் பிரித்தால், ஆசிரியர் பெயரைக் கட்டை விரலால் மறைத்துக்கொண்டு முதல் பக்கத்தைப் படித்துப் பாருங்கள். பிடிக்காவிட்டால் தயங்காமல் அடுத்த கதைக்குப் போய்விடுங்கள். விரலுக்கடியில் இருப்பது என் பெயரானாலும் சரி.