தோட்டப் பதிவேடுகளின் மின்னணுக் காப்பு (ஊவா)

சட்டச் சான்றாகவும் வணிகக் கணக்காகவும் பயன்படும் தோட்ட ஏடுகளை, அவற்றின் உள்ளடக்கம் மாறாமல், பிற்காலத்திலும் திறந்து படிக்கக்கூடிய கணினிக் கோப்புகளாகப் பேணும் முறை. பதுளை, பசறை, அப்புத்தளை, பண்டாரவளைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் இவ்வேடுகளுள் முதன்மையானது, தொழிலாளரின் வேலைநாளையும் கூலியையும் பதியும் செக்ரோல் ஆகும்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழருள் பெரும்பாலோர் நாடற்றோராகி, 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ்த் தொடர்ச்சியான வதிவை மெய்ப்பிக்க வேண்டியிருந்தமையால், தோட்டத்திற் பேணப்பட்ட ஓர் ஏடு கணக்குப் புத்தகம் என்பதற்கும் மேலாக ஒரு குடும்பத்தின் உரிமைச் சான்றாயிற்று. 1958இல் சட்டமான ஊழியர் சேமலாப நிதிக்கான கோரிக்கைகளிலும் வேலைப்பதிவு இன்றியமையாதது. 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களாலும், 1992இல் பிராந்தியத் தோட்டக் கம்பனிகளிடம் முகாமை ஒப்படைக்கப்பட்டதாலும் ஒரே தோட்டத்தின் ஏடுகள் பல நிர்வாகங்களுக்கு உரியவையாக அமைந்துள்ளன. எனவே காகிதம் சிதையுமுன் அவற்றை ஒருங்கே படியெடுத்தல் அவசரமான பணியாகும்.

கணினிச் சான்றை நீதிமன்றில் ஏற்க 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சியச் சட்டமும், மின்னணுப் பதிவேட்டிற்குச் சட்ட ஏற்பளிக்க 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டமும் வழிசெய்தன. இறுதி விருப்பாவணம், காணி விற்பனை ஒப்பந்தம் ஆகியவை பிந்திய சட்டத்தின் வரம்புக்கு அப்பாற்பட்டவை என்பதால், அவற்றின் மூலப் பத்திரங்கள் காகிதத்திலேயே பேணப்படவேண்டும்.