படம் யாருக்குச் சொந்தம்? கண்டியின் கண்ணாடித் தகடுகள் முதல் கடைக்காரரின் இணையத்தளம் வரை

பிலிமத்தலாவையில் பித்தளை வேலை செய்பவர், பேராதனை வீதியில் நான்கு அறைகளுடன் விருந்தினர் விடுதி நடத்துபவர், முச்சக்கர வண்டியில் உல்லாசப் பயணிகளை ஏற்றிச் செல்பவர் என்று கண்டியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் சிறுதொழில் செய்வோர் பலர் தமக்கென ஓர் இணையத்தளம் வைத்துக்கொள்ள விரும்புகின்றனர். தளத்தை அமைப்பது இன்று கடினமான காரியமன்று. அதில் இடுவதற்குப் படம் தேடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. கூகிளில் கண்டி என்று தட்டினால் தலதா மாளிகையும் வாவியும் பெரஹரா யானையும் கொழுந்து பறிக்கும் பெண்ணும் நூற்றுக்கணக்கில் வந்து நிற்கின்றன. அவற்றுள் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டால் என்ன குற்றம் என்று கேட்போர் உளர். இக்கேள்விக்கு விடை காணக் கண்டியில் புகைப்படம் ஒரு வணிகமாக வேரூன்றிய காலத்திலிருந்து தொடங்குவது பொருத்தம்.

கொழும்பிலிருந்து கண்டிக்கு இரயில் பாதை 1867இல் திறக்கப்பட்டது. ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிட்டதும் அதே ஆண்டில்தான். அக்காலப்பகுதியில் கண்டியில் தொழில் நடத்திய ஜோசப் லோட்டன் என்னும் ஆங்கிலேயர், 1870ஆம் ஆண்டளவில் அரசாங்கத்தின் ஏற்பாட்டில் அநுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா ஆகிய இடங்களின் தொல்சின்னங்களைப் படமெடுத்தார். அன்றைய முறையில் கண்ணாடித் தகட்டில் இரசாயனம் பூசி, அது காயுமுன்னர் படமெடுத்துக் கழுவியும் ஆகவேண்டும். எனவே இருட்டறையையே கூடாரமாகக் கட்டிக் காட்டுவழியே சுமந்து செல்ல நேர்ந்தது. லோட்டன் 1872இல் காலமானார். அவருக்குப் பின், சார்ல்ஸ் ஸ்கோவன் 1870களின் நடுப்பகுதியில் கண்டியில் ஸ்டூடியோ நடத்தினார். கொழும்பில் ஸ்கீன் நிறுவனமும் 1890இல் தோன்றிய பிளாத்தே நிறுவனமும் பெயர் பெற்றன.

இந்தப் படங்களின் உரிமை யாரிடம் இருந்தது? பிரித்தானியாவில் புகைப்படத்துக்கு முதன்முதலாகப் பதிப்புரிமை வழங்கியது 1862ஆம் ஆண்டின் நுண்கலைப் பதிப்புரிமைச் சட்டமாகும். உரிமையை நிலைநாட்ட விரும்புவோர் லண்டனில் உள்ள ஸ்டேஷனர்ஸ் மண்டபத்தில் படத்தைப் பதிவு செய்யவேண்டும். புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கிரட் கமரோன் 1864க்கும் 1875க்கும் இடையில் 500க்கும் மேற்பட்ட படங்களை இவ்வாறு பதிவு செய்திருந்தார். டெனிசன், டார்வின் போன்றோரின் முகங்கள் அவர்தம் பெயர்களோடு அவரது படங்களில் நிலைபெற்றன. 1875இல் கணவருடன் இலங்கைக்கு வந்த அவர் களுத்துறையிலும் மலைநாட்டிலும் வாழ்ந்து, 1879இல் டிக்கோயாப் பகுதியில் காலமாகிப் பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். இங்கு அவர் எடுத்தவற்றுள் எஞ்சியவை 30க்கும் குறைவு. அவற்றில் தோன்றுவோருள் தமிழ்த் தொழிலாளரும் உளர். அவர்களுள் பெரும்பாலோரின் பெயர்கள் எழுதப்படவில்லை.

1862ஆம் ஆண்டுச் சட்டம் குடியேற்ற நாடுகளுக்குப் பொருந்தாது என்று ஒரு கனேடிய வழக்கில் கோமறைக் கழகம் 1903இல் தீர்ப்பளித்தது. பின்னர் வந்த 1911ஆம் ஆண்டின் பிரித்தானியப் பதிப்புரிமைச் சட்டமே இலங்கையிலும் ஏற்கப்பட்டு, 1979இல் புதிய சட்டக்கோவை வரும்வரை நீடித்தது. இச்சட்டத்தில் இரண்டு விதிகள் கவனிக்கத்தக்கவை. மூலத் தகடு எவருக்குச் சொந்தமோ அவரே படைப்பாளியாகக் கருதப்படுவார். உரிமை 50 ஆண்டுகளுக்கு நீடிக்கும். ஆனால் ஒருவர் பணம் கொடுத்துத் தம்மைப் படமெடுக்கச் சொன்னால், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, முதல் உரிமை பணம் கொடுத்தவருக்கே.

இதன் நடைமுறைப் பொருளை எண்ணிப் பாருங்கள். ஸ்டூடியோவுக்குச் சென்று கட்டணம் செலுத்திய தோட்டத்துரைக்கும் கண்டிப் பிரதானிக்கும் தம் முகத்தின் மீது சட்டம் ஓர் உரிமையைக் கொடுத்தது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே கூடையுடன் நிறுத்தப்பட்ட பெண்ணுக்கு அது எதையும் கொடுக்கவில்லை. அவள் பணம் கொடுக்கவில்லை, தகடும் அவளுடையதன்று. தபால் அட்டை வணிகம் பெருகியபோது அவள் முகம் கடல் கடந்து சென்றது. அடியில் 'தமிழ்ப் பெண்' என்றோ 'தேயிலை பறிப்பவள்' என்றோ அச்சிடப்பட்டது. தேயிலை வணிகர்களின் விளம்பரங்களிலும் அவ்வுருவமே இலங்கையின் அடையாளமாயிற்று. அவ்வாறு நாட்டுக்கே முகமாக விளங்கிய சமூகத்தின் பெரும்பான்மையினரை 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது.

2003ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இரண்டு சட்டங்கள் அடுத்தடுத்த இலக்கங்களைக் கொண்டவை. 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்துவந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை வழங்கியது. 36ஆம் இலக்கச் சட்டம் இன்றும் நடைமுறையிலுள்ள புலமைச் சொத்துச் சட்டமாகும். இவ்விரண்டும் சட்டநூலில் பக்கத்துப் பக்கத்தில் அமைந்தது தற்செயலே. ஆயினும் படத்தில் இருப்பவரின் கதையையும் படத்தை வைத்திருப்பவரின் கதையையும் ஒருசேர நினைவூட்டும் தற்செயல் அது.

36ஆம் இலக்கச் சட்டத்தின்படி பதிவு எதுவும் தேவையில்லை. படம் எடுக்கப்பட்ட கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. படைப்பாளியின் ஆயுட்காலமும் அதன்பின் 70 ஆண்டுகளும் அது நீடிக்கும். தம் பெயர் குறிக்கப்படவேண்டும் என்று கோரும் உரிமையும் அவருக்கு உண்டு. ஆகவே கூகிளில் கண்ட படம் எவருடையதும் அல்ல என்று எண்ணுவது தவறு. அதற்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார் என்று கொள்வதே பாதுகாப்பானது.

அவ்வாறாயின் சிறுதொழில் செய்பவர் எங்கே செல்வது? முதலாவது வழி, உரிமைக்காலம் கழிந்த பழைய படங்கள். 1872இல் இறந்த லோட்டனின் படங்கள் எவருக்கும் பொதுவானவை. 1944இல் காலமான லயனல் வென்ட்டின் 70 ஆண்டுகளும் 2014 முடிவோடு நிறைவெய்தின. நியூயோர்க்கின் மெட்ரோபொலிட்டன், ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் போன்ற அருங்காட்சியகங்கள் உரிமை கழிந்த தம் சேகரிப்புகளைக் கட்டணமின்றித் திறந்துவிட்டுள்ளன. ஏனைய நூலகங்களின் நிபந்தனைகளைத் தனித்தனியே வாசித்தறிதல் நன்று.

இரண்டாவது வழி, 2002 டிசம்பரில் அறிமுகமான கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களின் கீழ் வெளியான படங்கள். 2004இல் தொடங்கிய விக்கிமீடியா காமன்ஸ் தளத்தில் கண்டிப் படங்கள் ஏராளம். பெரும்பாலான உரிமங்கள் எடுத்தவரின் பெயரைக் குறிப்பிடுமாறு கோருகின்றன. வெட்டி ஒட்டித் திருத்துவதைத் தடுப்பவையும் சில. வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டும் என்று கூறும் உரிமம் கடைக்காரருக்கு உதவாது. விடுதிக்கு ஆள் பிடிக்கும் பக்கம், அது எவ்வளவு சிறியதாயினும், வணிகப் பக்கமே.

உரிமத்தைச் சரியாகப் பின்பற்றினாலும் முற்றாக முடிந்துவிடாத ஒரு விடயத்தை 2007ஆம் ஆண்டின் வழக்கொன்று உலகுக்கு உணர்த்தியது. அவுஸ்திரேலியாவின் வேர்ஜின் மொபைல் நிறுவனம் பிளிக்கர் தளத்திலிருந்து எடுத்த படம் ஒன்றைத் தன் விளம்பரத்தில் பயன்படுத்தியது. வணிகப் பயன்பாட்டுக்கும் இடமளிக்கும் உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டிருந்த படம் அது. ஆனால் படத்திலிருந்தவர் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்துப் பதின்வயதுப் பெண். தம் முகம் விளம்பரமாவதற்கு அவர் சம்மதிக்கவில்லை என்று குடும்பத்தினர் வழக்குத் தொடுத்தனர். அந்நிறுவனத்தின் மீது அந்த நீதிமன்றத்துக்கு நியாயாதிக்கம் இல்லை என்று கூறி வழக்கு பின்னர் தள்ளுபடி செய்யப்பட்டது. எனினும் அது எழுப்பிய கேள்வி நிலைத்துவிட்டது. கமராவுக்குப் பின்னால் நின்றவர் உரிமையை விட்டுக்கொடுத்தார். முன்னால் நின்றவரை எவரும் கேட்கவில்லை. நூறாண்டுகளுக்கு முன் நம் தோட்டத்துப் பெண்ணுக்கு நேர்ந்ததும் இதுவே.

கொழுந்து பறிக்கும் பெண்ணின் பழைய தபால் அட்டையை ஒருவர் தம் விடுதியின் முகப்புப் பக்கத்தில் இட்டால் பதிப்புரிமைச் சட்டம் குறுக்கே வராது. ஆனால் அவள் அந்த விடுதியின் விருந்தினரும் அல்லள், பணியாளரும் அல்லள். அவளது பேர்த்தியின் பேத்தி ஹந்தானையிலோ கலஹாவிலோ இன்று கைத்தொலைபேசியில் அப்பக்கத்தைப் பார்க்கக்கூடும். பழைய படத்தைப் பயன்படுத்துவோர் எடுத்தவர், இடம், ஏறத்தாழ எந்த ஆண்டு என்பவற்றையாவது குறித்து, அதை வரலாறாகக் காட்டுதல் முறை.

எல்லாவற்றிலும் சிறந்தது, தொழில் செய்பவர் தம் தொழிலைத் தாமே படமெடுத்துக்கொள்வதாகும். பித்தளைப் பட்டறையின் உலையும், மெழுகு அச்சும், அரத்தால் தேய்த்து மெருகேற்றும் கையும் வேறெந்தத் தளத்திலும் கிடைக்கமாட்டா. செயற்கை நுண்ணறிவு வரைந்து தரும் பட்டறை எவ்வளவு அழகாயினும், தேடி வரும் வாடிக்கையாளர் அங்கு அதைக் காணமாட்டார். ஸ்டூடியோக்காரரை அமர்த்தினால், படங்களை எங்கெங்கு பயன்படுத்தலாம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பணம் கொடுத்தவருக்கே உரிமை என்ற 1911ஆம் ஆண்டு விதியை நம்பி இன்று இருந்துவிட முடியாது. படத்தில் வேலையாள் தோன்றுவாராயின் அவரிடம் முதலில் கேளுங்கள். அவர் இணங்கினால், படத்தின் அடியில் அவருடைய பெயரையும் எழுதுங்கள்.