கழுவும் காரத்தின் கதை

எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய பாத்திரத்தை வெறுந் தண்ணீரினால் மட்டும் சுத்தஞ் செய்தல் இயலாது. பிசுக்கைப் போக்கக் காரம் வேண்டும். அடுப்புச் சாம்பலைத் தொட்டுப் பாத்திரம் துலக்கிய நம் பாட்டிமார் கையாண்டதும் காரமே. விறகுச் சாம்பலிற் பொற்றாசியங்காபனேற்று என்னும் காரம் உண்டு. அந்தச் சாம்பல் முதல், இன்று பாத்திரங் கழுவும் பொறிகளுக்கென விற்கப்படும் தூள் வரை, இப்பொருளின் சரித்திரம் நம்மிடம் ஒரு கேள்வியை எழுப்புகின்றது: அழுக்கை அகற்றும் பொருள் அதனோடு வேறு எதனை அழிக்கின்றது?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்க இல்லங்களில் எரிசோடா என்னும் கடுங்காரம் துப்புரவுப் பொருளாக வழங்கிற்று. வெண்ணிறமான அதனைச் சீனியென்று எண்ணிக் குழந்தைகள் வாயிலிட்டனர். அது உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும். புண் ஆறும்போது தழும்பு இறுகி வழி அடைபடும். பிள்ளை சோறின்றி நீருமின்றி வாடும். பிலதெல்பியா நகரிலே தொண்டை வைத்திய நிபுணராய் விளங்கிய செவாலியர் ஜாக்சன் இத்தகைய பிள்ளைகள் பலருக்குச் சிகிச்சை அளித்தவர். வந்த நோயைத் தீர்ப்பது மாத்திரம் போதாது, வாராமற் காத்தலும் வேண்டும் என்று கருதிய அவர், எச்சரிக்கைச் சீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் வாதாடினார். அதன் பயனாக 1927ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவில் ஒரு சட்டம் பிறந்தது. கடுங்காரம் அடங்கிய பொதியின்மீது 'நஞ்சு' என்ற சொல்லும், விபத்து நேர்ந்தாற் செய்யவேண்டிய பரிகாரமும் பொறிக்கப்படல் வேண்டும் என அது விதித்தது.

இதற்கிடையே பாத்திரங் கழுவும் பொறியும் தோன்றிவிட்டது. இலினோய் மாநிலத்து யோசெபீன் கொக்கிரேன் என்னும் பெண்மணி, 1886 டிசெம்பர் 28ஆம் நாள் அதற்கு ஆக்கவுரிமை பெற்றார். 1893இல் சிக்காகோவில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில் அவருடைய பொறி காட்சிக்கு வைக்கப்பட்டது. முதலில் அதனை வாங்கியவை பெரும் விடுதிகளே. இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னரே அது இல்லங்களிற் பரவலாயிற்று. இப்பொறிக்குச் சாதாரண சவர்க்காரம் உதவாது. நுரை பொங்கி நீரின் வீச்சைத் தடுத்துவிடும். கையின் தேய்ப்பு இல்லாத இடத்தில் வெந்நீரும் வலிய காரமுமே வேலை செய்யவேண்டும். வன்னீரிலுள்ள கல்சியமும் மகனீசியமும் கண்ணாடியிற் படியாதிருக்கப் பொசுபேற்றும் சேர்க்கப்பட்டது.

பாத்திரம் பளபளத்தது; ஆனால் கழுவிய நீர் சென்ற இடம் எது? கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலே 226ஆம் இலக்க ஏரி என்று ஓர் ஏரி உண்டு. 1973இல் டேவிட் சிண்டிலர் என்னும் விஞ்ஞானியும் அவருடைய தோழர்களும் அதனைத் திரையிட்டு இரண்டாகப் பிரித்தனர். ஒரு பாதியிற் காபனும் நைதரசனும் இட்டனர். மறு பாதியில் அவற்றோடு பொசுபரசையும் இட்டனர். பொசுபரசு சேர்ந்த பாதி மாத்திரம் பாசி படர்ந்து பச்சையாயிற்று. பாசி மடிந்து அழுகும்போது நீரிலுள்ள ஒட்சிசன் குறைந்து மீன்கள் மாளும். ஆடை வெளுக்கும் தூளிற் பொசுபேற்றைக் குறைக்கும் சட்டங்கள் அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றில் 1970களிலேயே வந்தன. பாத்திரப் பொறித் தூளுக்கோ நெடுங்காலம் விலக்கு இருந்தது. 2010 யூலையிலேதான் பதினாறு மாநிலங்களில் அதற்கும் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம், ஒரு தடவைக்குரிய தூளிற் பொசுபரசு 0.3 கிராமுக்கு மேற்படலாகாது என 2017 சனவரியிலிருந்து வரையறுத்தது. பொசுபேற்றின் இடத்தை எலுமிச்சை அமிலத்தின் உப்பாகிய சித்திரேற்று போன்றவை பெற்றன. கறை நீக்க நொதியங்கள் துணைசெய்தன.

ஆகவே, நேயர்களே, பொறித் தூளைத் தெரிந்தெடுக்கும்போது பெட்டியின் முகப்பை மட்டும் பார்த்தல் போதாது. பின்புறச் சீட்டையும் வாசித்தல் வேண்டும். பொசுபேற்றும் குளோரீன் வெளிற்றியும் இல்லாதனவற்றைத் தேர்ந்துகொள்க. குளோரீன் கலந்த தூளோடு வினாகிரி சேர்ந்தால் நச்சுவாயு எழும். 'நஞ்சற்றது' என்று எழுதியிருப்பினும், எந்தப் பொறித் தூளும் உண்ணத்தக்கதன்று. ஒரு தடவைக்கென மென்தோலில் அடைத்த வண்ணப் பொதிகள் இன்றும் குழந்தையின் கண்ணுக்கு இனிப்பாகவே தோன்றுகின்றன. அவற்றைக் கைக்கெட்டா உயரத்திற் பூட்டி வையுங்கள். தவறி விழுங்கினால் வாயை அலம்பி, வாந்தி எடுக்கச் செய்யாது, பொதியுடன் உடனே வைத்தியரிடம் விரையுங்கள்.

செவாலியர் ஜாக்சன் போராடிப் பெற்றுத் தந்தது ஒரு சிறு காகிதச் சீட்டு. அதனை வாசிப்பாரில்லையெனில் அச்சட்டத்தாற் பயனில்லை.