வட்டுவாகல் பாலமும் லினக்ஸின் பூட்டுகளும்



போன் திடீரென்று இறுகி நின்றால் ஓஃப் பண்ணி ஓன் பண்ணுகிறோம். வேலை செய்கிறது, மறந்துவிடுகிறோம். ஏன் நின்றது என்று எங்கள் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் கேட்டார்கள். காரணம் பல இருக்கலாம். அதில் 'டெட்லொக்' என்ற ஒன்றின் கதையை இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வட்டுவாகல் பாலத்தை நினைத்துப் பாருங்கள். முல்லைத்தீவுப் பக்கம் இருந்து ஒரு பஸ் ஏறுகிறது. புதுக்குடியிருப்புப் பக்கம் இருந்து ஒரு லொறி ஏறுகிறது. பஸ்ஸிடம் இந்தப் பாதி, லொறியிடம் அந்தப் பாதி. மற்றவர் விட்டால்தான் இருவருக்கும் வழி. பாலத்தில் யாராவது றிவேர்ஸ் எடுப்பார்கள். கொம்பியூட்டருக்குள் அப்படி எடுக்க ஆளில்லை.

ஒரே தரவை இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் மாற்றிக் குழப்பாமல் இருக்கத்தான் மென்பொருளில் 'பூட்டு' போடுகிறார்கள். ஒரு வேலை முதலாம் பூட்டை எடுத்துவிட்டு இரண்டாவதற்குக் காத்திருக்க, இன்னொரு வேலை இரண்டாவதை வைத்துக்கொண்டு முதலாவதற்குக் காத்திருந்தால் கதை முடிந்தது. நெதர்லாந்து அறிஞர் டைக்ஸ்ட்ரா 1965 இலேயே இதை மாணவர்களுக்குப் பரீட்சைக் கேள்வியாகக் கொடுத்தவர். 1971 இல் கொஃப்மனும் இருவரும் டெட்லொக் உண்டாக நான்கு நிபந்தனைகள் வேண்டும் என்று எழுதினார்கள். ஆக, நோய் எப்போதோ தெரிந்ததுதான். அதைப் பிடிப்பதுதான் கஷ்டம். ஆயிரம் தரம் சோதித்தாலும் வராது. பஸ்ஸும் லொறியும் ஒரே நேரத்தில் ஏறும் அந்த ஒரு நாளில்தான் வரும்.

உங்கள் அன்ட்ராய்ட் போனின் அடியில் ஓடுவது லினக்ஸ் கேர்னல், அதாவது பணிசெயல் முறைமையின் உட்பகுதி. 1996 இல் லினக்ஸ் 2.0 ஒன்றுக்கு மேற்பட்ட புரொசெசர்களில் ஓடத் தொடங்கியபோது உள்ளே ஒரே ஒரு பெரிய பூட்டுத்தான். பாதுகாப்பு, ஆனால் எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டும். வேகத்துக்காக அதைச் சிறு சிறு பூட்டுகளாகப் பிரித்துக்கொண்டே போனார்கள். அந்தப் பெரிய பூட்டு முழுதாக ஒழிந்தது 2011 இல். இதற்கிடையில், எந்தப் பூட்டுக்குப் பின் எதை எடுப்பது என்ற ஒழுங்கைப் பெரும்பாலும் எழுதியவர்களின் தலைதான் ஞாபகம் வைத்திருந்தது.

2006 இல் இங்கோ மொல்னாரும் ஆர்யன் வான் டெ வெனும் 'லொக்டெப்' என்ற காவற்காரனைக் கேர்னலுக்குள் வைத்தார்கள். அந்த ஆண்டு செப்டெம்பரில் வந்த 2.6.18 பதிப்பில் அது இருந்தது. எங்களுக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். இவன் வாகனங்கள் முட்டும்வரை காத்திருப்பதில்லை. கொப்பியும் பேனையுமாகப் பாலத்தடியில் இருந்து, யார் எந்தப் பாதியை முதலில் எடுத்தார் என்று குறித்துக்கொள்கிறான். திங்கட்கிழமை பஸ் இந்தப் பக்கத்தால் போனது, வியாழக்கிழமை லொறி அந்தப் பக்கத்தால் வந்தது. இரண்டும் சந்திக்கவே இல்லை. ஆனாலும் "இவை ஒருநாள் மாட்டும்" என்று அன்றே சத்தம் போடுகிறான். இன்னொரு கெட்டித்தனமும் உண்டு. ஒரே மாதிரிக் கட்டிய ஆயிரம் பாலங்கள் இருந்தால் அவற்றைத் தனித்தனியாகப் பார்க்காமல் ஒரே வகுப்பாக எடுக்கிறான். ஒன்றில் கண்ட ஒழுங்கு எல்லாவற்றுக்கும் பொருந்தும். இப்படி வகுப்பாகப் பார்த்ததால்தான் அவ்வளவு பெரிய கேர்னலில் இது சாத்தியமானது.

சரி, கேர்னலுக்குக் காவல் கிடைத்தது. அதற்கு மேலே ஓடும் சாதாரண செயலிகளுக்கு? அவற்றுக்குள்ளும் அதே பூட்டுகள், அதே ஆபத்து. 2013 இல் சாஷா லெவின் இதைக் கையில் எடுத்தார். புதிதாக ஒன்று எழுதவில்லை. கேர்னலில் உள்ள அதே லொக்டெப் கோப்பையே வெளியே கொம்பைல் பண்ணினார். கேர்னலுக்குள் மட்டும் கிடைக்கும் விடயங்களுக்குப் பதிலாக ஒப்புக்குச் சில துண்டுகளைச் செய்து வைத்தார். 'லிப்லொக்டெப்' என்ற அந்த நூலகம் 2014 மார்ச்சில் 3.14 பதிப்போடு வந்தது. செயலியின் மூலக்குறியில் கை வைக்காமலே, அது தொடங்கும்போது இந்த நூலகத்தை முன்னால் ஏற்றிவிட்டு, பூட்டு எடுக்கும் ஒவ்வொரு அழைப்பையும் இடைமறித்துக் கொப்பியில் எழுதவும் வழி இருந்தது.

ஆனால் இரவல் வாங்கிய கோப்பு அல்லவா? கேர்னல்காரர்கள் தங்கள் வீட்டுத் தேவைக்கு லொக்டெப்பை மாற்றும் போதெல்லாம் வெளியே இருந்த பிள்ளை விழுந்தது. அங்கே மாற்றியவர்கள் இங்கே உடைந்ததா என்று சோதித்துப் பார்க்கும் வழக்கமே இருக்கவில்லை. திருத்துவதும் உடைவதுமாகவே ஏழு வருடம் போனது. கடைசியில் 2021 இன் இறுதியில் லெவின் தானே அதைக் கேர்னல் மரத்திலிருந்து நீக்கினார். கருவி பயனுள்ளதுதான், ஆனால் இருக்க வேண்டிய இடம் இதுவல்ல, தனியாக வெளியே இருக்கட்டும் என்பது அவர் சொன்ன காரணம். தான் கட்டியதைத் தானே பிரிப்பது லேசான காரியமில்லை. அவர் செய்தது சரி என்றே எங்களுக்குப் படுகிறது. உடைந்த காவற்காரன் நிற்கிறான் என்று நம்பிப் பாலத்தில் ஏறுவதுதான் பெரிய ஆபத்து.

லொக்டெப் இன்றும் கேர்னலில் இருக்கிறது. செயலிகளுக்கு 'வல்கிரைண்ட்' தொகுதியில் 'ஹெல்கிரைண்ட்' என்ற கருவி உண்டு. அதுவும் பூட்டு எடுக்கும் ஒழுங்கைப் பார்க்கிறது, இலவசம். லினக்ஸ் போட்ட லப்டொப் உள்ள பிள்ளைகள் சனிக்கிழமை கொண்டு வாருங்கள். இரண்டு பூட்டை வேண்டுமென்றே தலைகீழாக எடுக்கிற சின்ன புரோகிராம் ஒன்று எழுதி, அது பிடிக்கிறதா என்று பார்ப்போம்.