முளையிலே தெரியாத பயிர்

‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. ஒரு மாணவனின் முதல் தேர்வு மதிப்பெண்ணைப் பார்த்தே அவன் எதிர்காலத்தைச் சொல்லிவிட முனைவோர் இப்பழமொழியைத் துணைக்கு அழைப்பதுண்டு. இது எவ்வளவு தூரம் உண்மை? சோதித்துப் பார்க்க ஆயிரக்கணக்கான முளைகள் வேண்டும். பல ஆண்டுகள் காத்திருக்கவும் வேண்டும். அத்தகைய சோதனை ஒன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நடந்தது. நடந்த இடம் வேளாண்மைப் பண்ணையும் அன்று, பள்ளிக்கூடமும் அன்று, பேஸ்பால் ஆடுகளம். அந்தச் சோதனையின் வரலாற்றையும், அதற்காக இளைஞர்கள் கொடுத்த விலையையும் இக்கட்டுரையில் காண்போம்.

0.4 வினாடி

பேஸ்பால் ஆட்டத்தைப் பார்த்திராத வாசகர்களுக்காக ஒரு சிறு கணக்கோடு தொடங்குவோம். பந்தெறிபவர் நிற்கும் இடத்திற்கும் மட்டையாளர் நிற்கும் இடத்திற்கும் இடையே 60 அடி 6 அங்குலத் தொலைவு இருக்கிறது. எறிபவர் காலை முன்வைத்து எறிவதால், பந்து அவர் கையை விட்டு நீங்கும்போது எஞ்சியிருப்பது ஏறத்தாழ 55 அடி. மணிக்கு 90 மைல் வேகம் என்பது வினாடிக்கு 132 அடி. வகுத்துப் பாருங்கள். பந்து மட்டையாளரை வந்தடைய ஏறத்தாழ 0.4 வினாடிதான் ஆகிறது! கண்ணால் கண்டதற்கு உடல் அசையத் தொடங்கவே ஏறக்குறைய 0.2 வினாடி வேண்டும். மட்டையைச் சுழற்றவும் நேரம் தேவை. ஆகவே, பந்து பாதி வழி வருவதற்குள்ளாகவே அடிப்பதா, விடுவதா என்று முடிவு செய்தாக வேண்டும். பந்து வந்து சேரும்வரை பார்த்திருந்து அடிப்பவர் எவரும் இல்லை. முன்பு கண்ட ஆயிரமாயிரம் பந்துகளின் நினைவே அவர்களுக்கு வழிகாட்டுகிறது.

இதனால்தான் 10 முறையில் 3 முறை வெற்றியாக அடிப்பவரே இந்த ஆட்டத்தில் தேர்ந்த மட்டையாளர் எனப்படுகிறார். உரமான உடலும் கூரிய கண்ணும் வாய்த்த 18 வயது இளைஞனும் நல்ல பந்தெறிபவர்களை எதிர்த்துப் பல ஆண்டுகள் ஆடிப் பழகினால்தான் தேற முடியும். எங்கே பழகுவது? யார் செலவில்? அந்த ஆண்டுகள் யாருக்குச் சொந்தம்? நம் வரலாறு இங்கேதான் தொடங்குகிறது.

ஏழை அணியின் வழி

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவின் இரு பெரிய லீக்குகளில் மொத்தம் 16 அணிகள் இருந்தன. அவற்றுக்குக் கீழே, சிறு நகரங்களில் பற்பல சிறிய அணிகள் தனித்தனி முதலாளிகளின் கையில் இருந்தன. இளைஞர்கள் சிறிய அணிகளில் ஆடிப் பழகினர். தேறியவர்களைப் பெரிய அணிகள் விலைக்கு வாங்கின. பணம் படைத்த அணிக்கு நல்ல வீரர்கள் கிடைத்தனர். செயின்ட் லூயி நகரின் கார்டினல்ஸ் அணியிடம் பணம் இல்லை.

1917இல் அந்த அணியின் பொறுப்பை ஏற்றவர் பிராஞ்ச் ரிக்கி. 1881இல் ஒகையோ மாநிலத்தில் பிறந்தவர், சட்டம் பயின்றவர். இளமையில் அவரும் பெரிய லீக்கில் ஆடியதுண்டு. மட்டையாளருக்குப் பின்னே நின்று பந்து பிடிப்பது அவர் வேலை. எறிபவர் பந்து வீசும் தருணம் பார்த்து, எதிரணி வீரர் அடுத்த தளத்துக்கு ஓடிவிடுவதைத் ‘தளத் திருட்டு’ என்பர். 1907இல் ஒரே ஆட்டத்தில் ரிக்கியை ஏமாற்றி எதிரணியினர் 13 தளங்களைத் திருடினர்! ஆட்டக்காரராகப் புகழ் பெறாத இவரே பின்னாளில் ஆட்டத்தின் போக்கையே மாற்றினார்.

ரிக்கியின் ஆட்கள் ஊர் ஊராகச் சென்று திறமையுள்ள இளைஞர்களைக் கண்டுபிடித்தனர். ஆனால் அவர் ஒரு வீரருக்கு விலை பேசியதுமே, சிறிய அணியின் முதலாளி அச்செய்தியைப் பணக்கார அணிக்குத் தெரிவித்துக் கூடுதல் விலைக்கு விற்றுவிடுவார். உழுதவர் ஒருவர், அறுத்தவர் வேறொருவர். நாற்றை விலைக்கு வாங்க முடியாதவன் என்ன செய்வான்? தானே நாற்றங்கால் போடுவான். ரிக்கியும் அதையே செய்தார். 1920ஆம் ஆண்டையொட்டி ஃபோர்ட் ஸ்மித், ஹூஸ்டன், சிரக்யூஸ் ஆகிய ஊர்களின் சிறிய அணிகளில் கார்டினல்ஸ் பங்குகளை வாங்கியது. அணியின் உரிமையாளர் சாம் பிரெடன் பழைய மைதான நிலத்தை 2,75,000 டாலருக்கு விற்று இதற்குப் பொருள் தேடிக் கொடுத்தார். இனி இளைஞர்களை அணியே சேர்க்கும். படிப்படியாக மேல்நிலைச் சிற்றணிகளுக்கு உயர்த்தும். முதிர்ந்தவர்களைச் செயின்ட் லூயிக்கு அழைத்துக்கொள்ளும். இதற்குப் ‘பண்ணை முறை’ என்றே பெயர் வந்தது.

பலன் விரைவில் தெரிந்தது. 1926இல் கார்டினல்ஸ் முதன்முறையாக உலகத் தொடரை வென்றது. 1931, 1934, 1942ஆம் ஆண்டுகளிலும் வென்றது. 1940இல் அதற்குச் சொந்தமாக 32 சிற்றணிகளும், உடன்படிக்கை செய்துகொண்ட 8 அணிகளும் இருந்தன.

கயிறும் மணற்குழியும்

ரிக்கி வெறும் வணிகர் அல்லர், நல்ல ஆசிரியரும்கூட. ஆட்டத்தை அவர் கூறு கூறாகப் பிரித்துக் கற்பித்தார். எறிபவர் குறிவைக்க வேண்டிய பரப்பைக் கண்ணுக்குத் தெரியும்படி, இரு கம்பங்களுக்கிடையே கயிறு கட்டிக் காட்டினார். சறுக்கி விழுந்து தளத்தைத் தொடும் முறையை மணற்குழியில் பழக்கினார். பந்தை ஒரு தாங்கியின் மேல் அசையாமல் நிறுத்தி, அதை அடிக்கச் செய்து மட்டை வீச்சைத் திருத்தினார். 1947இல், புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியை நடத்திவந்தபோது, ஆலன் ராத் என்ற புள்ளியியலாளரை முழுநேர ஊழியராக அமர்த்தினார். பந்தை அடிப்பவரை மட்டுமே போற்றாமல், தவறான பந்துகளைப் பொறுமையாக விட்டுவிட்டு இலவசமாக முதல் தளத்தை அடைபவரையும் போற்ற வேண்டும் என்பதை அவர்கள் கணக்கிட்டுக் காட்டினர்.

இத்தனை அளவைகள் கையிலிருந்தும் முளையைப் பார்த்துப் பயிரைச் சொல்ல முடிந்ததா? இரண்டு வீரர்களின் கதையைக் கேளுங்கள்.

சிக் ஹேஃபி என்ற இளைஞர் பந்தெறிபவராகச் சேர வந்தவர். அவர் மட்டை பிடித்து அடிப்பதைப் பார்த்த ரிக்கி, எறிவதை விட்டுவிடச் சொன்னார். அதே ஹேஃபி 1931இல் தம் லீக்கிலேயே சிறந்த மட்டைச் சராசரியைப் பெற்றார்.

ஸ்டான் மியூசியலின் கதை இன்னும் வியப்பானது. பென்சில்வேனியா மாநிலத்துத் தொழிலாளி ஒருவரின் மகனான அவரும் பந்தெறிபவராகவே பண்ணைக்கு வந்தார். 1940இல் டேடோனா பீச் சிற்றணியில் 18 ஆட்டங்களை வென்றார். அணியில் ஆள் குறைவு. ஆகவே பந்தெறியாத நாள்களில் எல்லைப்புறத்தில் நின்று ஆடினார். அங்கே ஒரு பந்தைப் பாய்ந்து பிடிக்க முயன்றபோது இடத்தோளில் பலத்த அடிபட்டது. எறியும் கையே அதுதான். 19 வயது, திருமணமாகியிருந்தது, குழந்தை பிறந்த நேரம். முளை கருகிவிட்டதென்றே எவரும் எண்ணியிருப்பர். அணியின் நிர்வாகி டிக்கி கெர்ரும் அவர் மனைவியும் மியூசியல் குடும்பத்தைத் தம் வீட்டிலேயே தங்கவைத்துக்கொண்டனர். மட்டையாளராகத் தொடரும்படி கெர் ஊக்கினார். மறு ஆண்டு செப்டம்பரிலேயே மியூசியல் செயின்ட் லூயியில் ஆடினார். 1963இல் ஓய்வு பெற்றபோது அவர் அடித்த வெற்றி அடிகள் 3,630! தம் மகனுக்குக் கெர்ரின் பெயரையே அவர் வைத்திருந்தார்.

பயிற்சி முகாமில் ஓட்டத்தையும் எறிவேகத்தையும் அளந்த எந்தக் கருவியும் இந்த மட்டையாளரை முன்கூட்டிக் காட்டவில்லை. ரிக்கிக்கும் இது தெரியும். எண்ணிக்கையிலிருந்தே தரம் பிறக்கும் என்பது அவர் கொள்கை. எது விளையும் என்று தெரியாதபோது நிறைய விதைத்துக் காத்திருப்பதே அறிவுடைமை என்று அவர் கருதினார்.

அறுவடை யாருக்கு?

இதுவரை பண்ணைக்காரரின் பக்கம் நின்று பார்த்தோம். இனி நாற்றின் பக்கம் நின்று பார்ப்போம்.

பெரிய அணியில் இருந்த இடங்கள் 25. பண்ணை உச்சத்தில் இருந்தபோது கார்டினல்ஸ் கட்டுப்பாட்டில் 600க்கும் மேற்பட்ட வீரர்கள் இருந்தனர். நூறு பேரில் ஐந்து பேர் தேறுவர் என்று வைத்துக்கொள்வோம். அணிக்கு அது லாபம். எந்த ஐவர் என்பது பற்றி அதற்குக் கவலையில்லை. இளைஞனுக்கோ இருப்பது ஒரே வாழ்க்கை. சராசரி விதி அவனுக்கு ஆறுதல் தராது. வேறு அணிக்குப் போகவும் வழியில்லை. ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் இருந்த ஒரு விதியின்படி, மறு ஆண்டுக்கும் அவனை வைத்துக்கொள்ளும் உரிமை அணிக்கே இருந்தது. அந்த விதி ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டதால் பிடி ஆயுள் முழுவதும் நீடித்தது. கூடுதல் ஊதியம் கேட்டு ஹேஃபி முரண்டியபோது, மட்டையாளர்களில் முதல்வர் என்றும் பாராமல் 1932இல் அணி அவரைச் சின்சினாட்டிக்கு அனுப்பிவிட்டது.

1938இல் பேஸ்பால் ஆணையர் லாண்டிஸ், கார்டினல்ஸ் அணி முறைகேடாகப் பல சிற்றணிகளைக் கட்டுப்படுத்துவதாகக் கண்டு, 70க்கும் மேற்பட்ட இளம் வீரர்களை விடுவித்தார். அவர்களுள் ஒருவர் பீட் ரைசர். புரூக்ளினில் சேர்ந்த அவர் 1941இல், தம் 22ஆம் வயதில், லீக்கின் முதல் மட்டையாளரானார். விடுதலை பெற்றும் அவர் கதை இன்பமாக முடியவில்லை. 1942இல் ஒரு பந்தைத் துரத்திச் சென்று சுவரில் மோதி மண்டையில் அடிபட்டார். போதிய ஓய்வின்றி மீண்டும் களமிறங்கினார்; ஆட்டம் சரிந்தது. அவ்வாண்டு புரூக்ளின் முதலிடத்தை இழந்ததும் இரண்டே வெற்றி வித்தியாசத்தில்தான். இளம் வீரரை வளர்ப்பதில் பொறுமை எவ்வளவு தேவையோ, காயமுற்றவரைக் காப்பதிலும் அவ்வளவு தேவை என்பதற்கு இது சான்று.

பண்ணையின் வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களையும் மறக்கலாகாது. கறுப்பினத்தவருக்கு இந்த நாற்றங்காலில் இடமே இல்லாதிருந்தது. ரிக்கியே அந்த வேலியைத் தகர்த்தார். 1945 அக்டோபரில் ஜாக்கி ராபின்சன் ஒப்பந்தமானார். 1946இல் கனடாவின் மாண்ட்ரியல் சிற்றணியில் ஓராண்டு ஆடிவிட்டு, 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளினில் களமிறங்கினார். வரலாற்றில் இது ரிக்கியின் பெருமை. ஆனால் ராபின்சனை அதுவரை ஆடவைத்திருந்த கறுப்பினத்தவர் அணிக்கு அவர் எந்த ஈடும் தரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1954இல் ஒரு வேடிக்கையும் நடந்தது. ராபர்ட்டோ கிளமென்டே என்ற போர்ட்டோ ரிக்கோ இளைஞரைப் புரூக்ளின் மாண்ட்ரியலில் வைத்திருந்தது. ஆடும் வாய்ப்பை மிகக் குறைவாகவே தந்தது. இவ்வாறு முடங்கிக் கிடக்கும் வீரரைப் பிற அணிகள் தேர்ந்துகொள்ள ஒரு விதி இருந்தது. கடைசி இடம் பெற்றதால் முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற பிட்ஸ்பர்க் அணி 4,000 டாலருக்கு அவரை எடுத்துக்கொண்டது. அப்போது பிட்ஸ்பர்க்கை நடத்தியவர் யார் தெரியுமா? ரிக்கியேதான்! பண்ணையை உருவாக்கியவரே, பண்ணையிலிருந்து ஒருவரை விடுவித்த விதியால் பயனடைந்தார். கிளமென்டே பின்னர் 3,000 வெற்றி அடிகள் அடித்தார்.

பிடி தளர்ந்தது

1969இல் தம்மைக் கேளாமலே பிலடெல்பியாவுக்கு மாற்றியதை எதிர்த்துக் கார்டினல்ஸ் வீரர் கர்ட் ஃபிளட் பின்னர் வழக்காடினார். 1972இல் உச்ச நீதிமன்றத்தில் 5க்கு 3 என்ற கணக்கில் தோற்றார். அவரது ஆட்ட வாழ்வும் முடிந்தது. ஆனால் 1975 டிசம்பரில் ஒரு நடுவர் தீர்ப்பு பழைய விதியை முறித்தது. பெரிய லீக் வீரர்கள் சில ஆண்டுகளுக்குப் பின் தாம் விரும்பும் அணியைத் தேடிக்கொள்ளும் உரிமையைப் பெற்றனர்.

நாற்றங்காலில் இருந்தவர்களுக்கு விடிவு வர மேலும் பல ஆண்டுகள் ஆயின. 2021இல் சிற்றணிகளின் எண்ணிக்கை 160இலிருந்து 120ஆகக் குறைக்கப்பட்டது. 2022இல் சிறிய லீக் வீரர்கள் தொழிற்சங்கத்தில் இணைந்தனர். 2023இல் செய்துகொண்ட முதல் ஒப்பந்தத்தால், அடிமட்ட வீரரின் ஆண்டு ஊதியம் 4,800 டாலரிலிருந்து 19,800 டாலராக உயர்ந்தது. பண்ணை முறை தொடங்கி ஒரு நூற்றாண்டு கடந்த பின்னரே இது நிகழ்ந்தது!

பேஸ்பால் ரசிகர்களிடையே இன்றும் ஓயாத ஒரு வழக்கு உண்டு. பணம் கொடுத்துத் தேர்ந்த வீரர்களை வாங்குவது மேலா? இளைஞர்களை வளர்த்துக் காத்திருப்பது மேலா? இக்கட்டுரையாளன் இரண்டாம் கட்சியைச் சேர்ந்தவன். ஆனால் காத்திருப்பவர் அணியின் முதலாளி மட்டும் அல்லர். அந்த இளைஞனும் தன் வாழ்நாளை வைத்துக் காத்திருக்கிறான். நல்ல ஆசிரியர், போதிய ஆட்ட வாய்ப்பு, வயிறார உணவு, இங்கே இடமில்லையென்றால் வேறிடம் செல்லும் உரிமை ஆகிய இந்நான்கையும் அவனுக்குக் கொடுத்த பிறகே ‘பொறுத்திரு’ என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு.

மாணவ நண்பர்களே! விளையும் பயிரெல்லாம் முளையிலே தெரிந்துவிடுவதில்லை. உங்கள் மதிப்பெண் பட்டியலைப் பார்த்து யாரேனும் உங்கள் எதிர்காலத்தைக் கணித்துச் சொன்னால், தோளில் அடிபட்ட அந்த 19 வயதுப் பந்தெறிபவரை நினைத்துக்கொள்ளுங்கள். நாளை உங்களிடம் இளைஞர்கள் பயில வரும்போது டிக்கி கெர்ரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.