எழும்பூர் கண்ணாஸ்பத்திரி

சென்னையில் தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் இடையே 1931ல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. தாம்பரம், பல்லாவரம் பக்கத்துக்காரர்கள் கண்ணில் கோளாறு என்றால் எழும்பூரில் இறங்கினால் போதும் என்றாயிற்று. அங்கிருந்த கண்ணாஸ்பத்திரிக்கு அப்போதே வயது நூறைத் தாண்டியிருந்தது.

கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பிய ராபர்ட் ரிச்சர்ட்சன், 1819ல் ராயப்பேட்டையில் தொடங்கியது அது. லண்டனின் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனை அதற்கு 14 ஆண்டுகள்தான் மூத்தது. 1880களில் எழும்பூருக்கு இடம் மாறியது. கண் எப்படி அமைந்திருக்கிறது என்பதை இந்த ஆஸ்பத்திரியின் கதையை வைத்தே உறுப்பு உறுப்பாகச் சொல்லிவிடலாம்.

முதலில் லென்ஸ். கண்மணிக்குப் பின்னால் இருந்துகொண்டு, உள்ளே வரும் ஒளியை விழித்திரையில் குவிப்பது அதன் வேலை. அது வெளுத்து மங்கினால் புரை. ஊர் ஊராகத் திரிந்த புரை வைத்தியர்கள் ஊசியை விட்டு, லென்ஸைக் கண்ணுக்குள்ளேயே கீழே தள்ளிவிடுவார்கள். மறைப்பு விலகும், எதிரே நீட்டிய விரல்களை நோயாளி எண்ணிவிடுவார். கூலியோடு வைத்தியர் அடுத்த ஊருக்குப் போன பிறகுதான் சீழும் வீக்கமும் தலைகாட்டும்.

அப்படிக் கெட்டுப்போன கண்களைச் சேகரித்து ஆராய்ந்தவர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே கண்காணிப்பாளராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட். இதைப் பற்றி 1917ல் லண்டனில் சொற்பொழிவாற்றினார். அது நூலாகவும் வந்தது.

அவர் பெயர் உலகெங்கும் பரவியது வேறொரு நோயால். கண்ணின் முன்பகுதியில் தெளிந்த நீர் ஓயாமல் சுரக்கிறது. கருவிழியின் ஓரத்து மூலையில் இருக்கும் சல்லடை போன்ற வடிகால் வழியே அது வெளியேறுகிறது. வடிகால் அடைத்துக்கொண்டால் அழுத்தம் ஏறி, மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்பு நசிகிறது. வலியே இல்லாமல் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டு வரும். எலியட் 1909ல், கருவிழியும் வெண்விழியும் சந்திக்கும் இடத்தில் சின்ன வட்டத் துளை போட்டு நீருக்குப் புதுவழி திறந்தார். பல்லாண்டுகள் பல நாட்டு மருத்துவர்கள் அந்த முறையைத்தான் பின்பற்றினார்கள்.

‘மெட்ராஸ் ஐ’ என்ற பெயருக்கும் 1918ல் இங்கே கண்டறியப்பட்டதே காரணம் என்பார்கள். வெண்விழியைப் போர்த்தியிருக்கும் மெல்லிய படலம் சிவந்து, இமை ஒட்டிக்கொள்ளும்; கைக்குட்டையும் துண்டும் தொற்றை வீடு முழுக்கப் பரப்பும்.

‘கண்ணில் பூ விழுந்துவிட்டது’ என்று பெரியவர்கள் சொல்வது கருவிழித் தழும்பை. தழும்பேறிய கருவிழியை எடுத்துவிட்டு, இறந்த ஒருவரின் தெளிந்த கருவிழியைப் பொருத்தலாம். அதற்காக டாக்டர் ஆர்.இ.எஸ். முத்தையா 1945ல் இந்தியாவின் முதல் கண் வங்கியை இங்கே நிறுவினார். கருவிழியில் ரத்தக் குழாய்கள் கிடையாது; அதற்கு வேண்டிய ஆக்சிஜன் பெரும்பாலும் காற்றிலிருந்து கண்ணீர் வழியாகவே வருகிறது. அதனால்தான் இன்னொருவரின் கருவிழியை உடல் எளிதில் விரட்டுவதில்லை.

இறந்தபின் ஆறு மணி நேரத்துக்குள் அதை எடுத்துவிட வேண்டும். இன்று கண் தானம் செய்யும் தாம்பரத்து வீடுகளில் மின்விசிறியை நிறுத்திவிடுகிறார்கள். இறந்தவரின் தலையைத் தலையணையில் சற்று உயர்த்தி, மூடிய இமைகளின் மேல் ஈரப் பஞ்சை வைத்துவிட்டு, கண் வங்கி வண்டிக்காக வாசலில் ஒருவர் நிற்கிறார்.